உறைந்துபோகும் கைக்கு ஓர் அணி

சாஸ்கட்டூன் நகரப் பேருந்துப் பணிமனையில் எந்த ஓட்டுநர் எந்தத் தடத்தில் போவது என்று அட்டவணை போடுகிறவள் ரோக்ஸான் டெஜார்லே. வயது நாற்பத்தொன்று. வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கேயும் ஓர் அட்டவணை காத்திருக்கும். அது பூதங்களின் அட்டவணை.

பூதங்களை மோதவிடும் அந்த வீடியோ கேமின் சட்டம் என்னவோ சுலபம்தான். ஆளுக்கு ஆறு பூதங்கள். எதிராளியின் ஆறையும் பார்த்துவிட்டு, தன்னிடமுள்ள ஆறில் நாலைத் தேர்ந்தெடுத்து இரண்டிரண்டாகக் களத்தில் இறக்க வேண்டும். ஒரு பூதத்துக்கு நாலே நாலு வித்தைதான் கற்றுக்கொடுக்கலாம். அது என்னென்ன என்று எதிராளிக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க நாற்பத்தைந்து விநாடி. அதற்குள் முடிவெடுக்காவிட்டால், வித்தைப் பட்டியலில் முதலாவதாக இருப்பதை இயந்திரமே அமுக்கிவிடும்.

அறுநூறு பூதங்களில் எந்த ஆறைப் பொறுக்குவது, அதில் எதற்கு எந்த நாலு வித்தை, யாருடைய ஓட்டையை யார் அடைப்பது என்று கணக்குப் போடுவதில் ரோக்ஸானை மிஞ்ச அந்த மாகாணத்தில் ஆளில்லை. ஆனால் ஆட உட்கார்ந்தால் கதை வேறு. நாலு வருஷத்துக்கு முன் ரெஜைனாவில் நடந்த போட்டியில் முதல்முறையாகக் கலந்துகொண்டாள். எதிரே ஒரு மனிதமுகம், மேலே ஓடும் கடிகாரம், அவ்வளவுதான். கை உறைந்துபோயிற்று. எதை அமுக்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும், விரல் அசையாது. ஒரே ஆட்டத்தில் ஐந்து தடவை நேரம் தீர்ந்து, ஐந்து தடவையும் இயந்திரமே அமுக்கி, செத்துக்கிடந்த எதிரியின் இடத்தை அவளுடைய பூதம் வெட்கமில்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு எழுந்து போனவள் அப்புறம் மேஜையில் உட்காரவே இல்லை.

அதே போட்டியில்தான் மார்லோ பவ்லுக் அறிமுகமானான். வீடுகளில் கணப்பு அடுப்பு ரிப்பேர் செய்கிறவன், இருபத்தேழு வயது, கை மின்னல். அவனுக்கு அணி கட்டத் துப்பில்லை, அவளுக்கு ஆடத் துணிச்சலில்லை. அன்றிலிருந்து அவள் கட்டுவாள், அவன் ஆடுவான். போன வருஷம் எட்மன்டனில் இரண்டாமிடம் வந்தான். "மார்லோ அணி" என்று ஊரெல்லாம் நகலெடுத்து ஆடியது. "அது ரோக்ஸி கட்டினது" என்று அவன் எல்லோரிடமும் சொல்லத்தான் செய்தான். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்?

"உனக்குக் கோவமே வராதா?" என்று கேட்டான் ஒருமுறை.

"எதுக்குடா கோவம்? பஸ் ஓட்டறவன் பேரைத்தான் ஜனங்களுக்குத் தெரியும். ரோஸ்டர் போடறவ பேரு யாருக்குத் தெரியும்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பாதிதான் உண்மை.

இந்த வருஷம் பிப்ரவரியில் கல்கரியில் போட்டி. பார்வையாளர் சீட்டு எப்போதும் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், உள்ளே நுழைவதற்காகவே ரோக்ஸானும் ஆட்டக்காரியாகப் பெயர் கொடுத்துவிடுவாள். முதல் சுற்றுக்கு முன்னால் விலகிக்கொண்டு மார்லோவின் பின்னால் போய் நின்றுகொள்வாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் காரில் கிளம்புவதாக ஏற்பாடு. எட்டு மணிக்கே மார்லோவிடமிருந்து போன் வந்தது.

"ரோக்ஸி! ஒடஞ்சிடுச்சு!"

"என்ன ஒடஞ்சிது? பைப்பா?"

"பைப் இல்ல, ஷெல்பிக்கு! பனிக்குடம்! ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு இருக்கோம்!"

"ஐயையோ, இன்னும் மூணு வாரம் இருக்கே!"

"கொழந்தைகிட்ட சொல்லிப் பாரு, கேக்குதான்னு. இங்க பாரு, நீ கெளம்பு. வீட்ல உக்காந்துடாத."

"நான் போய் என்னடா பண்றது அங்க?"

"ஆடு! பேருதான் குடுத்திருக்கியே!" பின்னாலிருந்து அவன் மனைவி ஷெல்பியின் அலறல் கேட்டது. "அவளும் அதத்தான் சொல்றா!"

"அவ வலில கத்தறா."

"ரெண்டும்தான்!" என்று சொல்லி வைத்துவிட்டான்.

தனியாகத்தான் கிளம்பினாள். வெளியே மைனஸ் இருபத்தாறு. ரோஸ்டவுன் தாண்டியதும் சாலையின் இருபுறமும் வெள்ளையைத் தவிர வேறொன்றுமில்லை. திரும்பிவிடலாமா என்று மூன்று தடவை நினைத்தாள். மூன்றாவது தடவை கின்டர்ஸ்லியில் ஒரு சாப்பாட்டுக் கடை முன் வண்டியை நிறுத்தி, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரியான பெரோகி, வெண்ணெயில் பொரித்தது, ஒரு தட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அணிப் பட்டியலைப் பதிவு செய்ய மாலை ஏழு மணி வரை நேரம் இருந்தது; பதிந்தபின் போட்டி முடியும்வரை ஒரு வித்தையைக்கூட மாற்ற முடியாது.

மார்லோவுக்காகக் கட்டிய அணியைத் திறந்து பார்த்தாள். சவரக்கத்தி மாதிரி அணி. ஒவ்வொரு முறையும் சரியான நொடியில் சரியான வித்தையை அமுக்கினால் எதிராளி எழுந்திருக்க மாட்டான். ஒருமுறை தவறினால் தன் கழுத்தே அறுபடும். இதைக் கையில் வைத்துக்கொண்டு தான் உறைந்துபோனால் என்ன ஆகும் என்று ரெஜைனாவிலேயே பார்த்தாயிற்று.

முள்கரண்டியில் குத்திய பெரோகி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. உறைவதை நிறுத்த முடியாது. சரி, உறைந்தால் என்ன ஆகும்? இயந்திரம் முதல் வித்தையை அமுக்கும். அந்த முதல் வித்தை எது என்று வரிசை போடுகிறவள் யார்? தான்தானே!

இத்தனை வருஷமாக எந்த அணியிலும் வித்தைகளின் வரிசையை அவள் கவனித்ததே இல்லை. யாருமே கவனிப்பதில்லை. இப்போது ஒவ்வொரு பூதமாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் கெட்டுப்போகாத வித்தை எதுவோ அதை முதலில் வைத்தாள். இடிமாட்டுக்கு, எதிரே நிற்கும் இருவரையும் ஒருசேர அடிக்கும் சேற்றலை. நிழல்கீரிக்குக் கேடயம்; அந்த ஒரு முறை மட்டும் எந்த அடியும் அதன்மேல் படாது. கேடயம் அடுத்தடுத்து இருமுறை பலிக்காது என்பதால், அதன் பக்கத்தில் நிற்கப்போகிற பூதத்துக்கு முதல் வித்தை அடியாகவே இருக்கும்படி பார்த்துக்கொண்டாள். நொடி பிசகினால் நாசமாகிற இரண்டு பூதங்களைத் தூக்கிவிட்டு, அடி வாங்கியும் நிற்கிற இரண்டைச் சேர்த்தாள். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. தட்டை எடுக்க வந்த பெண், "சாப்பாடு நல்லா இல்லையா, கண்ணு?" என்று கேட்டபோதுதான் பெரோகி ஆறிப்போயிருப்பதைப் பார்த்தாள்.

அங்கேயே பதிவு செய்துவிட்டு வண்டியை எடுத்தாள்.

சனிக்கிழமை காலை கல்கரி மாநாட்டு அரங்கில் நானூறு பேர். எட்டுச் சுற்று, ஆறில் ஜெயித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஆட்டம் உண்டு. ரோக்ஸானுக்கு எதிரே காதில் வளையம் போட்ட ஒரு கல்லூரிப் பெண். திரை திறந்தது. கடிகாரம் ஓடியது. கை உறைந்தது.

நாற்பத்தைந்து விநாடியும் தீர்ந்தது. இயந்திரம் அமுக்கியது. எதிராளி தன் முழுப் பலத்தையும் நிழல்கீரிமேல் இறக்க, அது கேடயத்துக்குப் பின்னால் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. இடிமாட்டின் சேற்றலை எதிரே நின்ற இரண்டையும் புரட்டிப்போட்டது. இவ்வளவு நேரம் யோசித்து இப்படி அடிக்கிறாளே என்று அந்தப் பெண் ரோக்ஸானை மலைத்துப் பார்த்தாள்.

ரோக்ஸானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்ததும் விரல் கொஞ்சம் இளகிற்று.

அந்தச் சுற்றில் இன்னும் மூன்று தடவை உறைந்தாள். அடுத்த சுற்றில் இரண்டு தடவை. உறைந்தாலும் வீடு இடிந்து விழாது என்று தெரிந்துபோனதும் பயத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. நாலாவது சுற்றில் ஒருமுறைகூட நேரம் தீரவில்லை. இடையில் இரண்டு சுற்று தோற்றாள். அதில் ஒன்று அப்பட்டமான முட்டாள்தனம், அவளே அமுக்கியது. ஆனால் ஏழு சுற்றில் ஐந்து ஜெயித்திருந்தாள்.

ஏழாவது சுற்று முடிந்து வெளியே வந்தபோது மார்லோ அழைத்தான்.

"பொண்ணு! ரெண்டே முக்கால் கிலோ! இங்க எல்லாம் நல்லா இருக்கு. நீ எத்தனாவது சுத்துல வெலகின?"

"வெலகல. அஞ்சுல ஜெயிச்சிருக்கேன்."

போனில் நர்ஸ் யாரோ அதட்டும் சத்தம் கேட்டது, அவன் கத்தியிருப்பான் போல.

"கொழந்தைக்கு நிழல்கீரின்னு பேர் வெக்கலாம்னேன், ஷெல்பி ஒத்துக்கல. கடைசி சுத்து யாரோட?"

"எவரெட் யாரோவாம்."

எவரெட் ஹால்ஸ்டெட் ரெட் டியரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், இழுத்து இழுத்துப் பேசுகிற நிதானமான ஆள். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். அவருடைய ஆறு பூதங்கள் திரையில் தெரிந்ததும் ரோக்ஸானின் முதுகு நிமிர்ந்தது. ஆறும் அவள் கட்டியவை. போன வருஷத்து எட்மன்டன் அணி.

"இது மார்லோ பவ்லுக்கோட டீம். கேள்விப்பட்டிருப்பீங்க," என்றார் அவர் மரியாதையாக.

"பார்த்திருக்கேன்," என்றாள்.

அந்த அணியில் ஓர் ஓட்டை இருந்தது. அதிலிருந்த மூன்று பூதங்கள் சேற்றலைக்குத் தாங்காது. அதை மறைக்கத்தான் பறக்கிற கங்குவாத்தைச் சேர்த்திருந்தாள். வாத்தைப் பார்த்தால் சேறு பலிக்காது என்று எல்லோரும் ஏமாந்துபோவார்கள். ஒரு வருஷமாக ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. முதல் ஆட்டத்தில் வாத்தை முதலில் தீர்த்துவிட்டுச் சேற்றலையை விட்டாள். அவருடைய பாசியாமை தூக்கப்பொடி தூவியும் ஊற்று வித்தையில் உடம்பைத் தேற்றியும் இழுத்தடித்துப் பார்த்தது, நடக்கவில்லை.

இரண்டாவது ஆட்டத்திலும் அதையே செய்தாள். சேற்றலை எழுந்தது. பாசியாமை தரையில் வேரை இறக்கி, அத்தனை சேற்றையும் குடித்துவிட்டது. அப்புறம் பாசிச்சாட்டையால் இடிமாட்டை விளாசியது. ஊற்றில் மறுபடி தெம்பு ஏற்றிக்கொண்டது. ரோக்ஸான் தோற்றாள்.

"அந்த வேர்ப்பிடி..." அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அது இந்த டீம்ல கெடையாதே?"

"கெடையாதுதான். அதுல ஒரு ஓட்டை இருந்துது. குளிர்காலம் பூரா யோசிச்சு நானே அடைச்சேன்," என்றார் எவரெட், கொஞ்சம் வெட்கத்தோடு.

தோற்ற வருத்தம் ஒருபக்கம் இருந்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ பூத்தது. தன் மனதுக்குள் புகுந்து வேலை பார்த்த ஓர் ஆள்! யாரிடமும் சொல்லாத ஓட்டையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்.

மூன்றாவது ஆட்டம் இழுபறியாய்ப் போய், அவருக்குப் பாசியாமையும் இன்னொன்றும், அவளுக்கு இடிமாடும் நிழல்கீரியும் மிஞ்சின. ஆமை இருக்கும்வரை சேறு எடுபடாது. மாடும் கீரியும் சேர்ந்து அடித்தால் ஆமை விழும். ஆனால் ஆமை கேடயத்தைத் தூக்கினால் இரண்டு அடியும் வீண், அடுத்த முறை இவள் காலி. ஆமைக்குக் கேடயம் கொடுக்காத ஆட்டக்காரன் உலகத்தில் கிடையாது. போன வருஷம் இவளே கொடுத்திருந்தாள்.

கடிகாரம் முப்பதுக்கு இறங்கியது. கை கனத்தது. விட்டுவிட்டால் இயந்திரம் கீரிக்குக் கேடயத்தையும் மாட்டுக்குச் சேற்றலையையும் அமுக்கும். இந்த ஒருமுறை தப்பிக்கலாம். ஆனால் சேற்றை ஆமை குடிக்கும், ஊற்றில் தெம்பு ஏற்றிக்கொள்ளும், ஆட்டம் மெல்லக் கைநழுவும்.

இருபது. அவர் வேர்ப்பிடியை எங்கே வைத்தார்? நாலு இடம்தானே உண்டு. ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்தாக வேண்டும். எதை எடுத்தார்? தூக்கப்பொடியைப் பார்த்தாள், முதல் ஆட்டத்தில். ஊற்று, இரண்டிலும். வேர்ப்பிடி. பாசிச்சாட்டை. அவ்வளவுதான், நாலும் வந்துவிட்டது.

ஆமையிடம் கேடயமே இல்லை. இருப்பதுபோல உட்கார்ந்திருக்கிறார், மனுஷன்!

ஒன்பது விநாடி மிச்சமிருக்கும்போது மாட்டையும் கீரியையும் ஆமைமேல் ஏவினாள். விரல் உறையவில்லை. ஆமை கேடயத்தைத் தூக்கவில்லை. முதல் அடியில் சாய்ந்தது, இரண்டாவதில் விழுந்தது. அடுத்த முறை சேற்றலை எழுந்தபோது குடிக்க யாருமில்லை.

எவரெட் கையை நீட்டினார். "எப்படித் தெரிஞ்சுது? எல்லாரும் ஆமையைத் தொடவே பயப்படுவாங்களே."

"நாலு எண்ணினேன்." அப்புறம், ஏன் சொல்லக்கூடாது என்று தோன்றியது. "அந்த டீம் நான் கட்டினது. என் பேரு ரோக்ஸான் டெஜார்லே. மார்லோ ஆடினான், அவ்வளவுதான்."

எவரெட் அவளை ஒருகணம் பார்த்தார். "அப்ப அந்த வாத்து... ஓட்டையை மறைக்கவா?"

"ஆமா."

"அநியாயம்! அந்த வாத்து எதுக்குன்னு நானும் என் பொண்டாட்டியும் ரெண்டு மாசம் சண்டை போட்டோம். அவ சொன்னதுதான் சரி. வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்லுவேன்?"

மறுநாள் ரோக்ஸான் இரண்டாவது சுற்றிலேயே வெளியேறினாள். நானூறு பேரில் முப்பத்தோராவது இடம். பட்டியலில் தன் பெயரைப் படம் பிடித்து மார்லோவுக்கு அனுப்பினாள். அவன் குழந்தையின் படத்தை அனுப்பி, "இனிமே எனக்கு ஒத்தக் கையால ஆடற மாதிரி கட்டு. இன்னொரு கைல இவ இருப்பா," என்று எழுதியிருந்தான். "கட்டறேன். மொதல்ல எனக்கு, அப்புறம் உனக்கு," என்று பதில் போட்டாள்.

மதியம் எவரெட்டும் அவளும் அரங்கத்துக்கு எதிரே ஒரு வியட்நாம் கடையில் நூடுல்ஸ் சூப் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். யாருமே சீண்டாத ஒரு நத்தைப் பூதத்தை வைத்து அணி கட்ட முடியும் என்பது அவர் வாதம். முடியவே முடியாது என்றாள் ரோக்ஸான். முடியாது என்பதற்கு ஏழு காரணம் சொன்னாள். ஏழாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, அவர் பேனாவைப் பிடுங்கினாள்.

"இருங்க, இருங்க. இதுக்குப் பக்கத்துல யாரை நிறுத்தறீங்க?"