யெஸ்டியில் கிக்கரைத் தேடிய ஆள்

இன்று கரோல் பாக்கில் ஒரு கடை வாசலில் பழைய யெஸ்டி பைக் ஒன்றைப் பார்த்தேன். அதே ரெட்டை சைலன்சர். வீடு வந்து சேரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்களும் அங்கேதான் மாடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் யெஸ்டி வாங்கிய புதிது.

ஒரு ஞாயிறு காலை இவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழே எங்கள் வண்டிமேல் யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். பூட்டைக்கூடத் திறந்துவிட்டான்.

"கோன் ஹை பையா?" என்று யாரெனக் கேட்டேன்.

"சாஹிபோட ஃபிரண்டு, பாபிஜி. சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போகச் சொன்னார்" என்றான் இந்தியில், பதறாமல்.

நானும் நம்பிவிட்டேன். ஆனால் அவன் இடப்பக்கம் குனிகிறான், வலப்பக்கம் குனிகிறான், காலால் துழாவுகிறான். கிக்கரைத் தேடுகிறான்!

யெஸ்டியில் கிக்கர் என்று தனியாக ஏது? கியர் லீவரையே உள்ளே அழுத்தி, மேலே திருப்பி உதைக்க வேண்டும். இவர் அந்த வித்தையைத் தன் நண்பர்கள் அத்தனை பேருக்கும் செய்து காட்டியிருந்தார்.

"ஃபிரண்டுக்குக் கிக்கர் எங்கேன்னு தெரியாதா?" என்று இந்தியில் கேட்டேன்.

அண்ணாந்து பார்த்தவன், வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். நான் "சோர், சோர்" என்று திருடனைக் காட்டிக் கத்தியதில் தெருவே கூடிவிட்டது.

இடுப்பில் துண்டோடு ஓடிவந்த இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கீறல் எதுவும் விழலையே?"

நான் பயந்துபோனேனா என்று இன்றுவரை கேட்கவில்லை. உங்கள் வீட்டு யெஸ்டிக்காரர்கள் எப்படி?