மிஷின்காரம்மா

வறுத்த மிளகாயை அரைக்கத் தொடங்கிய முதல் நிமிடத்தில் நெடி மூக்குக்கு வருவதில்லை. தொண்டைக்குள் ஒரு முடியிழை சிக்கிக்கொண்டதுபோல் முதலில் உறுத்தும், அப்புறம் கண்ணோரத்தில் கசியும், கடைசியில்தான் தும்மலாக வெடிக்கும். மேற்கு மாம்பலத்தில், மின்சார ரயில் போகும் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்த எங்கள் வீட்டின் முன்பகுதிதான் ‘மாவு மிஷின்’. பின்பகுதியில் நாங்கள் குடியிருந்தோம். நடுவில் ஒரு கதவு உண்டு, ஆனால் மிளகாய் நெடிக்குக் கதவு என்ன, சுவர் என்ன. பங்குனி சித்திரையில், அக்கம்பக்கத்து மொட்டை மாடிகளில் எல்லாம் மிளகாயும் மல்லியும் காயப்போட்டு ஒரு வருஷத்துக்கான பொடியை அரைத்து வைத்துக்கொள்ளும் நாட்களில், எங்கள் தலையணையில், பள்ளிக்கூடப் பையில், நான் அலசிக் காயவைத்த தலைமுடியில்கூட அந்த நெடி குடியிருந்தது. மற்ற பிள்ளைகளுக்கு அது கோடை விடுமுறை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘சீசன்’. மற்றவர்கள் ஊருக்குப் போய் வந்து கதை சொல்வார்கள். நான் தும்மிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மிஷின் வைத்தது சம்பாதிப்பதற்காக அல்ல என்று சொன்னால் நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். முதலாளியின் மகன், நேற்றுவரை அரை டிராயர் போட்டுக்கொண்டு கடைக்குள் ஓடியாடிய பையன், ஒரு மத்தியானம் எல்லார் முன்னிலும் “இன்னாயா, தூங்கிக்கினு கீறியா?” என்று கேட்டுவிட்டான். நைனா சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாராம். இனிமேல் எவனுக்கும் கைகட்டி நிற்பதில்லை என்று சபதம் போல ஒன்றைச் செய்துகொண்டு, பூர்வீக வீட்டின் முன்கூடத்தை இடித்துக் கட்டி, மோட்டாரும் பெல்ட்டும் கல்லுமாக மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்னால் நடந்தது இது.

எனக்கு நினைவு தெரிந்தபோது அந்தச் சபதத்தில் மாவு படிந்துபோயிருந்தது. கோதுமை நைசாக இல்லை என்று ஒருவர், அரிசி மாவில் முன்னே அரைத்த ராகியின் நிறம் ஏறிவிட்டது என்று இன்னொருவர், எனக்குப் பின்னால் வந்தவளுக்கு எப்படி முன்னால் அரைப்பாய் என்று மற்றொருவர். நைனா எல்லாருக்கும் தலையாட்டுவார். “முன்னாடி ஒரே ஒரு மொதலாளி. இப்ப டப்பா எட்த்துக்கினு வர்ற அத்தினி பேரும் மொதலாளி” என்பார் இரவுச் சாப்பாட்டின்போது. சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

அம்மா மிஷினுக்கு வந்தது அவர் சாப்பிடப் போகும் நேரத்தில் மாற்றாளாக. பிறகு அவர் கரண்ட் ஆபீஸுக்குப் போன நேரம், தூங்கிய நேரம், கடைசியில் அவர் இருக்கும்போதும். வீட்டில் அம்மாவின் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. அத்தைகளும் பெரியப்பாக்களும் கூடினால் அவள் காப்பித் தம்ளர்களோடு வந்து போவது மட்டும்தான் தெரியும். மிஷின் ஓடும்போதோ கத்தித்தான் பேச முடியும். அங்கே அம்மா கத்தினாள். முழங்கைவரை மாவும், நெற்றியில் கட்டிய துண்டுமாக நின்று, “அந்தத் தூக்கை இங்க வைம்மா, மூடியைக் கையில வெச்சுக்கோ” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வாள். பெண்கள் அவளை ‘மிஷின்காரம்மா’ என்று கூப்பிட்டார்கள். அரைக்க வந்தவர்கள் அரைத்த பிறகும் போகமாட்டார்கள். எதிர்வீட்டு ஜானகி மாமி கையிலிருந்த மல்லியை நீட்டி, “ஏண்டி, இன்னும் ஒரு பெரட்டு வறுத்திருக்கணுமோ? நீ சொல்லு, எங்காத்துல நான் சொன்னா எடுபடறதில்லே” என்று கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா ஒரு மல்லியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, “போதும் மாமி, இதுக்கு மேல வறுத்தா கருகிடும்” என்றாள். மாமி தலையாட்டிவிட்டு டப்பாவை இறக்கினாள்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில் அம்மாவுக்கு இருமல் வந்தது. முதலில் எல்லாரும் நெடி என்றார்கள். சீசன் முடிந்தும் நிற்காமல், படுத்தால் மூச்சு வாங்குகிற அளவுக்குப் போனபோது நைனா அவளைப் பாண்டி பஜார் பக்கம் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் போனேன். டாக்டர் முதுகில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, “நெஞ்சு முழுக்க தூசி. அந்த இடத்தை விட்டு விலகினாத்தான் மருந்து வேலை செய்யும்” என்றார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். நைனாவின் முகத்தில் கவலை இருந்தது. அதன் அடியில், பல நாள் வலித்த செருப்பைக் கழற்றியவர் முகத்தில் தெரிவதுபோல ஒரு நிம்மதியும் இருந்தது. இதை நான் அன்றே பார்த்தேனா, பிற்பாடு சேர்த்துக்கொண்டேனா, தெரியவில்லை.

தி. நகரில் துணிக்கடை வைத்திருந்த ஒருவர் சரக்கு அடுக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் முன்பகுதியை வந்து பார்த்தார், பிடித்துப்போயிற்று. நாள் முழுவதும் மிஷின் ஓட்டி எங்களுக்கு மிஞ்சுவதைவிட அவர் கொடுப்பதாகச் சொன்ன வாடகை அதிகம். கை காலை ஆட்டாமல் வரும் வருமானம், அம்மாவின் நெஞ்சுக்கும் நிம்மதி. இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? நைனா யோசிக்கவில்லை. பேச்சை முடித்துவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னார். அம்மா “சரி” என்றும் சொல்லவில்லை, “வேண்டாம்” என்றும் சொல்லவில்லை. நான் மட்டும் துள்ளினேன். இனி என் துணிகளில் மிளகாய் நெடி இருக்காது, அடுத்த கோடையில் நாங்களும் எங்காவது போவோம் என்று கணக்குப் போட்டேன்.

துணிக்கடைக்காரர் ஒரு நல்ல நாள் பார்த்து, பழத்தட்டோடு சாயங்காலம் வந்தார். அந்த நேரம் ஜானகி மாமியின் சாம்பார்ப் பொடி பாதி மிஷினுக்குள் இருந்தது. நைனா மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். அம்மா பார்த்தும் நிறுத்தவில்லை. “பாதியில நிறுத்தினா கல்லுல ஒட்டிக்கும், ஒக்காரச் சொல்லுங்க” என்று கத்தினாள். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், தும்மினார், கைக்குட்டையை எடுத்தார், மறுபடியும் தும்மினார். பொடி முழுவதும் இறங்கி, மிஷின் வாயில் கட்டியிருந்த துணிப்பையைத் தட்டி, மாமியின் டப்பாவை மூடிக் கையில் கொடுத்த பிறகுதான் அம்மா மோட்டாரை அணைத்தாள். சட்டென்று வந்த அந்த அமைதியில் எல்லாருக்கும் காது அடைத்ததுபோல் இருந்தது.

அம்மா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். “அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த எடத்தைக் குடுக்கறதா இல்ல” என்றாள்.

அவர் நைனாவைப் பார்த்தார். நைனா அம்மாவைப் பார்த்தார். டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜானகி மாமி போகாமல் நின்றாள்.

“இன்னாமா இது, பேசி முட்ச்சாச்சே” என்றார் நைனா.

“நீங்க பேசினீங்க. என்னைக் கேக்கலையே.” சொல்லி முடிப்பதற்குள் அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. குனிந்து, மிஷினின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். வந்தவர் எழுந்து, “மொதல்ல ஒடம்பைப் பாத்துக்கோம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். பழத்தட்டையும் எடுத்துக்கொண்டு போனார் என்பது எனக்கு அப்போது பெரிய ஏமாற்றமாக இருந்தது.

அன்றைக்குச் சமையலறையில் நடந்த சண்டைதான் நான் அறிந்து அவர்களுக்குள் நடந்த ஒரே சண்டை. நைனா சத்தம் போட்டார். “உனுக்கு இன்னா பைத்தியமா? ஒயைச்சு ஒயைச்சுத்தான் சாவேன்னா எப்பிடி? சோறு இல்லாமயா கீறோம்?”

“சோத்துக்குன்னு நான் எப்ப சொன்னேன்?”

“பின்ன எதுக்கு?”

அம்மா அரிசியைக் களைந்து முடித்து, அடுப்பில் ஏற்றிவிட்டுச் சொன்னாள். “எங்கம்மா வீட்ல வாயைத் தொறந்தா, ‘உள்ள போ’ம்பாங்க. இங்க வந்தேன், இங்கயும் நான் பேசி யாரும் கேட்டதில்ல. நீங்க கெட்டவருன்னு சொல்லல. ஆனா மிஷின்ல நின்னப்புறம்தான் என் கொரலு எனக்கே கேட்டுது. அதையும் மூட்டை அடுக்கி வெக்கக் குடுத்துட்டு, பின்னாடி ரூம்ல ஒக்காந்து மாத்திரை சாப்பிடணுமா?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “உங்களுக்கு அலுத்துப்போச்சு, எனக்குத் தெரியும். நீங்க வேலைக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்” என்றாள்.

நைனா வாசலில் போய் வெகுநேரம் நின்றார். அவருக்குக் கோபம் வந்தது சண்டையினால் அல்ல, தன் அலுப்பை அவள் இத்தனை நாளாகத் தெரிந்து வைத்திருந்ததனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. “இன்னாமோ பண்ணு” என்று உள்ளே வந்தார்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அவர் கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் சேர்ந்துவிட்டார். எவனுக்கும் கைகட்ட மாட்டேன் என்று வந்த மனிதர், இஸ்திரி போட்ட சட்டையும் டிபன் டப்பாவுமாக ரயிலேறி, தன்னைவிடச் சிறியவர்களை ‘சார்’ என்று கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் நன்றாகத் தூங்கி, அதில் சந்தோஷமாகவே இருந்தார். அம்மா மிளகாய்க்கென்று வாரத்தில் தனி நாட்கள் ஒதுக்கினாள். ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டாள். டாக்டர் சொன்னதில் மருந்தை மட்டும் கேட்டாள், மற்றதைக் கேட்கவில்லை. அந்த இருமலின் விலையை வீடு முழுவதும் கொடுத்தது. பெல்ட் அறுந்தால் ஆள் கூட்டிவர நான்தான் ஓட வேண்டும், என் பரீட்சைப் படிப்பு நின்றது. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்வரை மிஷின் ஓடியது. முகூர்த்தப் புடவையிலும் லேசாக மிளகாய் நெடி இருந்ததை என் மாமியார் பல காலம் சொல்லிக்காட்டினார். அடுத்த கோடை என்று நான் போட்ட கணக்கு எந்தக் கோடையிலும் வரவில்லை. அம்மாமேல் எனக்குப் பெருமை இருந்ததா என்று கேட்டால், அலுப்புத்தான் இருந்தது என்று சொல்வேன்.

பிற்பாடு நான் வங்கியில் சேர்ந்து, பல வருஷங்கள் சிறுதொழில் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தேன். லாபமே இல்லாத கடையை ஏன் இழுத்துக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்பது என் வேலையில் ஒரு பகுதி. “மூடிட்டா காலைல எந்திரிச்சு எங்க மேடம் போறது?” என்று கேட்டார் மந்தைவெளியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். “போர்டுல இருக்கறது செத்துப்போன எங்க அண்ணன் பேரு. அதை எப்பிடி இறக்குவேன்?” என்றார் இன்னொருவர். அவர்களிடம் நான் கண்டிப்பாகத்தான் பேசினேன். ஆனால் அவர்கள் எழுந்து போன பிறகு, அடுத்தவரைக் கூப்பிடக் கொஞ்ச நேரம் ஆகும் எனக்கு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பணத்துக்காக மட்டும் வந்தவர்கள் சீக்கிரமே வேறு வழி பார்த்துக்கொண்டார்கள், மாட்டிக்கொண்டவர்கள் மற்றவர்கள்தான்.

மிஷின் ஒருநாளில் மூடப்படவில்லை. பாக்கெட் பொடி வந்தது, தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் வந்தன, மிளகாய் காயப்போட மாடி இல்லாமல் போயிற்று. ஜானகி மாமி மகனோடு வெளிநாடு போனாள். நைனா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். யாரும் வராத நாட்களிலும் அம்மா ஷட்டரை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஷட்டரை ஏற்ற மூச்சு போதாமல் போனபோதுதான் அடையாற்றில் என் வீட்டுக்கு வரச் சம்மதித்தாள். எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் கட்டடம். மிஷின் நின்ற இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். போன மாதம் அந்தத் தெருவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை.

போன வாரம் அம்மாவை நுரையீரல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் சின்னப் பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அம்மா முன்னாடி தூசி, புகை இருக்கற எடத்துல ஏதாவது வேலை பாத்தாங்களா?” என்று என்னிடம் கேட்டாள்.

“வீட்டு முன்னாடி ஒரு மாவு மிஷின் இருந்தது டாக்டர். அப்பா வெச்சது. இவங்க கூடமாட ஒத்தாசையா இருந்தாங்க” என்றேன். இத்தனை வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். யாரிடமும் அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

அம்மா முகத்திலிருந்த மாஸ்க்கைக் கீழே இழுத்தாள்.

“அவரு ஆபீசுக்குப் போனாரும்மா” என்றாள் டாக்டரிடம், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. “மிஷின் என்னோடது.”

டாக்டர் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்து, மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னாள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து இழுத்தாள். பாதியிலேயே நின்றுவிட்டது. ஆனால் அவள் குனியவில்லை, மறுபடியும் இழுத்தாள்.