ஆற்று மணலில் நின்றுபோன டில்லர்

ஆறு வறண்டு கிடக்கும்போதுதான் எனக்குப் பயம். தண்ணீர் ஓடுகிற ஆற்றில் யாரும் வண்டியை இறக்க மாட்டார்கள். வறண்ட ஆற்றில் எல்லோரும் இறக்குவார்கள். எங்கள் ஆரணியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும், சந்தவாசல் பக்கம் மலையில் மழை பெய்து முடிந்திருக்கும். அந்தத் தண்ணீர் சொல்லிவிட்டா வரும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் முதலாளி ஒரு பவர் டில்லர், அதாவது கைப்பிடி வைத்த உழவு எஞ்சின், வாங்கினார். பட்டும் ஜரிகையும் கொடுத்து எங்களை நெய்யவைப்பவர் அவர். ஆற்றுக்கு அக்கரையில் நிலமும் இருந்தது. உழவு இல்லாத நாட்களில் டில்லருக்குப் பின்னால் ஒரு பெட்டியை மாட்டி, சாயம் ஏற்றிய பாவுகளை அக்கரைத் தறிகளுக்கு அனுப்புவார். பாவு என்றால் சேலையின் நீளத்துக்கு ஓடுகிற நூல். மொத்தத்தையும் கனமான சுருளாகச் சுற்றியிருப்பார்கள். முழங்கால் வலியால் தறிக்குழியில் உட்கார முடியாமல் இருந்த என்னிடம் வண்டியைக் கொடுத்தார். வண்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. எனக்குத் தமிழே ஐந்தாம் வகுப்பு வரைதான். படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

வண்டியில் ஒரு குறை. பள்ளத்தில் இறங்கினால் டேங்க் மூடி வழியாக டீசல் தெறிக்கும்.

"பட்டுல டீசல் நாத்தம் அடிச்சா எந்தக் கல்யாண வீட்டுக்காரன் வாங்குவான்?" என்று முதலாளி கத்தினார். அவர் வீட்டில் நூல் இழைக்கும் வேலை பார்த்த என் மனைவியைக் கூப்பிட்டு, மூடியை அடைக்கச் சொன்னார். அவள் பட்டுக் கழிவு நூலை மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். சாயம் ஏற்றுமுன் பட்டு நூலை வேகவைக்கும்போது போடுகிற பார் சோப்பை அதன்மேல் குழைத்து, மூடியின் தலை வரைக்கும் பூசினாள். ஊறுகாய் ஜாடிக்கு வாய் கட்டியதுபோல அழகாக இருந்தது.

"பாவு வண்டியில இருக்கிற வரைக்கும் இந்த மூடி மேல கை வெக்கக் கூடாது. இன்னா, புரிஞ்சுதா?" என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன்.

அன்று பெட்டியில் நான்கு பாவுகள். குலுங்காமல் பிடித்துக்கொள்ள என் மனைவியும் ஏறிக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். அவள் பேசுவாள், நான் கேட்பேன்.

ஆற்றின் நடுவே எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

இறங்கி, எஞ்சினைக் கிளப்புகிற ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினேன். பிடிக்கவில்லை. மறுபடியும் சுற்றினேன். மணலில் கால் வழுக்கியது. அந்த ஹேண்டில் திருப்பி அடித்தால் மணிக்கட்டு போய்விடும். அப்படிப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

நிமிர்ந்தபோது மேற்கே பார்த்தேன். மலை இருந்த இடத்தில் மை பூசியதுபோல் கறுப்பு.

"நீ கரைக்குப் போயிடு" என்றேன்.

"பாவை யாரு தூக்குவா? உங்க முதலாளியா?"

அவள் சொன்னது சரிதான். ஆளுக்கு ஒன்று தூக்கினாலும் இரண்டு ஆற்றோடு போகும். பாவும் வண்டியும் போனால் நெசவுத் தெருவில் எங்களுக்கு வேலை கொடுக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

டீசல் வருகிறதா என்று பார்க்க, பில்டர் மேலிருந்த திருகைத் தளர்த்தினேன். காற்று புகுந்திருந்தால் நுரையாக வரும், பிறகு டீசல் வரும். ஒன்றுமே வரவில்லை. பில்டர் அடைத்துக்கொண்டதோ என்று கழற்றினேன். சுத்தமாக இருந்தது. காலையில் அவள் மூடியைக் கட்டுமுன்தான் டேங்க் நிறைய ஊற்றியிருந்தேன். நிறைந்த டேங்கிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. பில்டரை மாட்டும்போது திருகு மணலில் விழுந்தது. தேடி எடுத்து வேட்டியில் துடைத்து, இறுக்காமல் மாட்டினேன்.

அக்கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் கைகளை வாயில் குவித்துக் கத்தினார்.

"யோவ், எஞ்சின்காரே! மேல தண்ணி வந்துகினு இருக்குதாம்யா! சேலை நெய்யறவனுக்கு எதுக்குய்யா இந்த பேஜாரு? ஏறி வா ஜல்தி!"

உதவிக்கு வாங்க என்று கூப்பிட்டிருக்கலாம். நான் ஹேண்டிலைப் பிடித்தபடி குனிந்துகொண்டேன். அவர் மாடுகளை அடித்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

காற்று நின்றிருந்தது. மணலில் காதை வைத்தால் தண்ணீர் வரும் சத்தம் கேட்கும் என்பார்கள். நான் வைக்கவில்லை.

அவள் பெட்டியிலிருந்து இறங்கி வந்தாள். "டேங்குல டீசல் கீதா, இல்லியா?"

"கீது. இறங்க மாட்டேங்குது."

அவள் டேங்கைத் தட்டிப் பார்த்தாள். மூடியைச் சுற்றித் தான் கட்டிய நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க, எண்ணெ டின்னுல ஒரு ஓட்டை போட்டா எண்ணெ வராது. காத்து போக இன்னொண்ணு போடுவாங்க இல்ல? இந்த மூடியில ஒரு சின்ன ஓட்டை இருந்துச்சு. அழுக்குன்னு நெனச்சி அதையும் சேத்துப் பூசிட்டேன்."

"மூடியத் தொறக்கக் கூடாதுன்னாரே."

"அவரு ஆத்துலயா நிக்கிறாரு?"

நான் கை வைக்கவில்லை. அவள்தான் பல்லால் முடிச்சைக் கடித்து அறுத்து, மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று டேங்க் மூச்சை உள்ளே இழுத்தது. பில்டர் திருகின் ஓரத்தில் நுரை கொப்பளித்தது. பிறகு டீசல் தெளிவாக வந்தது. திருகை இறுக்கி ஹேண்டிலைச் சுற்றினேன். முதலில் வெள்ளைப் புகை. அடுத்த சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"மூடாதீங்க, அப்படியே போங்க!" என்று கத்திக்கொண்டே அவள் முன்னால் வந்து, திறந்த டேங்க் வாயின் மேல் முந்தானையைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். சக்கரம் மணலில் புதையும்போதெல்லாம் கைப்பிடியைத் தூக்கி நெம்பினேன். அக்கரை மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, நாங்கள் நின்றிருந்த இடத்துக்குச் செந்நுரை வந்துகொண்டிருந்தது. பெரிய வெள்ளம் இல்லை. முழங்கால் அளவுக்கு, முள்ளும் சருகுமாக, அவசரமே இல்லாமல் வந்தது. வண்டியைக் கவிழ்க்க அது போதும்.

அன்று திரும்ப வழியில்லை. மறுநாள் தண்ணீர் வடிந்ததும், முதலாளி மாட்டுவண்டியில் அக்கரைக்கே வந்துவிட்டார். முதலில் பாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்து முகர்ந்தார். பிறகு டேங்கைப் பார்த்தார்.

"யாரு தொறந்தது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றாள் அவள். அவள் முந்தானையில்தான் டீசல் நாற்றம் அடித்தது.

முதலாளி நாலாவது பாவை இன்னொரு முறை முகர்ந்து பார்த்துவிட்டு, மூடியை மறுபடியும் கட்டச் சொன்னார். அவள் கட்டினாள். இந்த முறை சோப்பு காய்வதற்குள் ஊசியால் அந்த ஓட்டையைக் குத்தித் திறந்துவைத்தாள்.

அந்த வண்டியை நான் பல வருஷம் ஓட்டினேன். ஆற்றில் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்றி, அந்த ஓட்டையில் வாய் வைத்து ஊதிப் பார்ப்பேன். காற்று மறுபக்கம் போகும். டீசல் கசப்பு நாக்கில் ஒட்டும். அதற்குப் பிறகும் மலைப் பக்கம் பார்க்காமல் வண்டியை இறக்கியதில்லை.