ஜனாதிபதி சொல்லாத வாக்குறுதி

கொன்ஸ்ரன்ஸை ஜொனாதன் முதன்முதலாகக் கண்டது கொழும்பு கொள்ளுப்பிட்டியில், ஒரு தனியார் தொலைக்காட்சி நிலையத்தின் குரல்பதிவு அறையில். மன்னார்க் கிராமமொன்றிலிருந்து அரசியல் விஞ்ஞானப் பட்டத்தோடு அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். குடும்பத்தில் முதல் பட்டதாரி. கேட்காதவர்களுக்கும் அதைச் சொல்வான். கொன்ஸ்ரன்ஸ் கொட்டாஞ்சேனைக்காரி. பாராளுமன்றத்தில் ஜனாதிபதி சிங்களத்தில் பேசப் பேச, நேரலையில் தமிழில் சொல்லுகிற குரல் அவருடையது.

"புதுக் கூட்டத்தொடர் தொடங்கேக்க அரசாங்கத்தின்ர கொள்கைக் கூற்றை ஜனாதிபதி பாராளுமன்றத்தில வாசிக்கவேணும், அக்கா. அரசியலமைப்பின்ர முப்பத்துமூன்றாம் உறுப்புரை."

"வாசிக்கவேணும் எண்டு கிடக்கு. செய்யவேணும் எண்டு எத்தினையாம் உறுப்புரையில கிடக்கு, தம்பி?"

"அது எங்கட பாடத்திட்டத்தில இல்லை, அக்கா."

கொன்ஸ்ரன்ஸ் சிரித்தாலும் மனசு சிரிக்கவில்லை. வருடக்கணக்காக ஒப்பந்தத்தில் இழுபட்டவர். அன்றைய கொள்கை உரையின் நேரலை பிசகில்லாமல் முடிந்தால் நிரந்தர நியமனம் என்று முகாமையாளர் ஷிஹான் சொல்லியிருந்தார். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று.

உரையின் தமிழ்ப் பிரதி நேரத்துக்குக் கைக்கு வந்து சேராது. அதனால் போன உரையின் தமிழை மேசையில் விரித்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஆள் மாறினாலும் பந்தி மாறாது.

அன்றும் மாறவில்லை. வளமான நாடு, ஊழலற்ற ஆட்சி என்று எல்லாம் வரிசை தப்பாமல் வந்தன. இடையில் ஜனாதிபதி தண்ணீர் குடிக்க நிறுத்தினார். வேகத்திலிருந்த கொன்ஸ்ரன்ஸ் நிறுத்தாமல், மேசையிலிருந்த பழைய பிரதியின் அடுத்த பந்திக்குப் போய்விட்டார். "அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதுவோருக்குத் தமிழிலேயே பதில் கிடைக்கும்" என்று நாட்டுக்கு அறிவித்தார். ஜனாதிபதி கிளாஸை வைத்துவிட்டு நேரே மீன்பிடித் துறைமுகங்களுக்குப் போனார். அந்தப் பந்திப் பக்கம் திரும்பி வரவேயில்லை.

முடிந்ததும் ஷிஹான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அக்கா, அந்த மனுசன் சொல்லாதத நீங்க சொல்லிட்டீங்களே!"

"போன முறை சொன்னவர்தானே, தம்பி."

"அது வேற ஆள்!"

"உரை அதேதானே."

"பகிடி விடாதீங்க. அடுத்த செய்தியில திருத்தம் போடணும். ஜனாதிபதி அப்படிச் சொல்லல்ல எண்டு நீங்களே வாசிங்க."

கொன்ஸ்ரன்ஸ் வெளிறிப்போனார். தன் பிழையைத் தன் வாயாலேயே வாசித்தவருக்கு யார் நியமனம் கொடுப்பார்கள்? ஜொனாதன் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தான். "அப்படிப் போட ஏலாது, சேர். தமிழில எழுதினால் தமிழில பதில் எண்டது இருபத்திரண்டாம் உறுப்புரையிலயே இருக்கு. அதை ஜனாதிபதி சொல்லேல்லை எண்டு நாங்கள் போய் அறிவிச்சால், அரசியலமைப்பை அவர் மறுத்த மாதிரியெல்லோ வரும்?"

ஷிஹான் கதிரையில் சாய்ந்தார். "சட்டமா இது? அப்ப நான் தமிழ்ல எழுதின காணிக் கடிதத்துக்கு ஏன் சிங்களத்துல பதில் வந்திச்சு?"

திருத்தம் போகவில்லை. திருத்தம் இல்லையென்றால் பிழையும் இல்லை. ஆகவே கொன்ஸ்ரன்ஸை வேலையிலிருந்து நிறுத்த வழியில்லை. ஆனால் பிசகில்லாமல் முடிந்ததென்று மேலிடத்துக்கு எழுதவும் ஷிஹானுக்குக் கை ஓடவில்லை. நியமனம் அப்படியே நின்றுபோயிற்று.

"நல்லாத்தான் காப்பாத்தினாய், போ" என்றார் கொன்ஸ்ரன்ஸ்.

ஜொனாதன் இப்போது செய்திப் பிரிவில் நிரந்தர ஊழியன். கொன்ஸ்ரன்ஸ் அதே நிலையத்தில், இன்னும் ஒப்பந்தத்தில்தான் மொழிபெயர்க்கிறார்.