மூன்றாவது பூ

மாலை ஐந்து மணிக்கு எனக்குத் தேநீர் வரும். எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். ஓய்வு பெற்று, கோல சிலாங்கூரில் இந்தத் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அந்த நேரம் மாறவில்லை. சென்ற ஆண்டு மாறியது. ஐந்து மணிக்கு என் மனைவி வலென்சியாக்காரரோடு பேசத் தொடங்கினாள்.

காரணம் நியாயமானதுதான். எங்கள் ஒரே மகள் வேலைக்கென்று மாட்ரிட் போனாள். அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டாள். மருமகன் ஆங்கிலம் பேசுவார். அவருடைய அப்பா அம்மாவுக்கு ஸ்பானிய மொழியைத் தவிர வேறொன்றும் தெரியாது. பொங்கலுக்கு அவர்கள் வந்து எங்களோடு மூன்று வாரம் தங்கப்போவதாக மகள் சொன்னாள். சம்பந்திகளை நடுக்கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மூன்று வாரத்தையும் கைச்சாடையில் ஓட்ட முடியாது. இருவருமே படிப்பது என்று முடிவு செய்தோம்.

நான் முறையாகப் படித்தேன். கைப்பேசியில் செயலியை இறக்கி, நாளுக்குப் பத்துச் சொல், ஞாயிற்றுக்கிழமை பழைய சொற்களைத் திருப்பிப் பார்த்தல். எண்கள் எனக்குச் சுலபமாக வந்தன. ஒன்றிலிருந்து ஆயிரம் வரை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். அறுநூறு சொற்களைத் தாண்டியதும் மகளிடம் பெருமையாகச் சொன்னேன். "சூப்பர்ப்பா. அம்மா எப்படிப் படிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குச் செயலி பிடிக்கவில்லை. "தப்பாச் சொன்னா கோழி கழுத்தைத் திருகின மாதிரி ஒரு சத்தம் போடுது. ஆளே இல்லாம யாருகிட்ட லா பேசுறது?" என்றாள். அவள் கலும்பாங் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவள். தொழிலாளர் லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் பலகைதான். அந்தப் பலகை வழியாகவே பேசிப் பேசி வளர்ந்தவள். பிறகு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது மேற்பார்வையாளர்களிடம் ஆங்கிலத்தையும் அப்படியே பேசிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் புத்தகம் வேண்டாம், எதிரில் ஒரு முகம் வேண்டும்.

அந்த முகத்தை மகள்தான் தேடிக் கொடுத்தாள். வலென்சியாவுக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஒரு கிராமம். அங்கே ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். மனைவியை இழந்தவர். மகன் அயர்லாந்தில் இருப்பதால் ஆங்கிலம் பழக ஆசைப்பட்டார். ஏற்பாடு இதுதான்: அரைமணி நேரம் ஸ்பானியம், அரைமணி நேரம் ஆங்கிலம், கட்டணம் கிடையாது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தலைமுடி மட்டும் என்னைவிட அதிகம்.

முதல் நாள் அவள் மிளகாய்த்தூள் போத்தல்மேல் போனைச் சாய்த்துவைத்து, "ஓலா" என்றாள். அதற்கு மேல் சொல் இல்லை. வெங்காயத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர் அதன் பெயரைச் சொன்னார். பூண்டைக் காட்டினாள், சொன்னார். அவர் தம் வீட்டுச் சட்டியைக் காட்டினார், இவள் சிரித்தாள். எதற்குச் சிரிப்பு என்று எனக்குப் புரியவில்லை. சட்டியில் சிரிக்க என்ன இருக்கிறது?

அரைமணி நேரம் முக்கால் மணியானது, பிறகு ஒன்றேகால் மணி. நான் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உண்மைதான். அந்த வாரத்திலேயே ஒரு நாள் காலை முதல் இரவு வரை அவள் என்னிடம் பேசியதையும் கவனித்தேன். மாத்திரை போட்டீங்களா, கேட்டைப் பூட்டினீங்களா, இந்தச் சட்டையையா போடப்போறீங்க. அவ்வளவுதான்.

என்னைக் கூப்பிட அவளிடம் இருக்கும் சொல்லும் ஒன்றுதான், "என்னங்க". என் பெயரை அவள் சொன்னதே கிடையாது. அவள் அம்மாவும் அப்படித்தான். அந்த லயத்தில் எல்லாப் பெண்களுமே அப்படித்தான். கணவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அரசாங்கக் கிளினிக்கில் தாதி கேட்டால், என் பெயரும், 'மகன்' என்பதற்கு ஏ-எல் போட்டு அப்பா பெயரும் இருக்கும் ஐசி அடையாள அட்டையை முகப்பில் தள்ளிவிடுவாள். கோயில் அர்ச்சனைக்கு நட்சத்திரத்தை மட்டும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பெயரை நான் சொல்ல வேண்டும். இதுவரை எனக்கு அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை. எனக்கு ஒரு சொல்லும் வலென்சியாக்காரருக்கு நூறு சொல்லும் என்று ஆன பிறகுதான் உறுத்தியது.

"அந்த ஆளுகூட என்னதான் பேசுவே?" என்று கேட்டேன்.

"ஆளு என்ன ஆளு? அண்ணன்னு சொல்லுங்க. நான் அண்ணேன்னுதான் கூப்பிடுறேன். உங்களுக்கு மச்சான் முறை."

"எனக்கு ஒரு மச்சானும் வேணாம். இருக்கிற மூணு பேரே போதும்."

அண்ணன் என்று அழைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அவள் எஸ்டேட்டில் அண்ணன் என்று அழைத்தவர்களை எண்ணினால் ஒரு லோரி நிறைய ஏற்றலாம். ஆனால் அவர்களில் ஒருவருக்காகவும் அவள் சோறு ஆக்கும் விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வலென்சியாக்காரர் தம் ஊர்ச் சோற்றைப் பெரிய தட்டைச் சட்டியில் ஆக்குவாராம். அடியில் பிடிக்கும் காந்தல்தான் அதில் உயர்ந்ததாம், வீட்டில் அதற்குச் சண்டை நடக்குமாம். மறுநாளே எங்கள் வீட்டில் சோறு வேண்டுமென்றே அடிபிடித்தது. அவள் அதைச் சுரண்டி, படம் எடுத்து அனுப்பிவிட்டு, மீதியை என் தட்டில் வைத்தாள். சுவையாகத்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு எங்கள் பக்கத்து வயலைப் பார்க்க ஆசை வந்தது. தம் ஊர் நெல்லும் எங்கள் ஊர் நெல்லும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டுமாம். செகிஞ்சான் வரை காரை ஓட்டியது நான். வரப்போரம் வெயில் சுட்டதால் அவள் தலைக்குமேல் குடை பிடித்ததும் நான்தான். அவள் போனை வயலுக்கு நேராகத் திருப்பி, நெல், தண்ணீர், கொக்கு என்று ஒவ்வொன்றாய் ஸ்பானியத்தில் சொல்லிக்கொண்டே போனாள். அவர் அந்தப் பக்கம் இருந்து கொக்கைப் பார்த்துக் குழந்தைபோல் கத்தினார். கடைசியில் விடைபெறும்போது, குடை பிடித்த என் கை திரையில் தெரிந்திருக்க வேண்டும். "டிரைவருக்கும் நன்றி சொல்லுங்கள்" என்றார். அது எனக்குப் புரிந்தது. அறுநூறு சொற்களில் அதுவும் ஒன்று.

காரில் ஏறியதும் கேட்டேன். "நான் டிரைவரா?"

"ஓட்டுனது நீங்கதானே?" என்று சொல்லிச் சிரித்தாள். தஞ்சோங் காராங் வரும்வரை நான் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. கொக்குக்கு அவர் சொன்ன சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

தீபாவளிப் பலகாரம் சுடும் சமயத்தில்தான் அது நடந்தது. ஐந்து மணிக்குப் போன் அடித்தபோது அவள் இரண்டு கையும் முறுக்கு மாவாக இருந்தன.

"என்னங்க, போனைக் கொஞ்சம் எனக்கு நேராப் பிடிங்க."

பிடித்தேன். திரை அவள் பக்கம், பின்பக்கம் என் பக்கம். எனக்குக் குரல் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார். அன்று அவர்கள் ஊரில் இறந்தவர்களுக்குப் பூ வைக்கும் நாள். குடும்பம் குடும்பமாகக் கல்லறைக்குப் போய்க் கல்லைக் கழுவி, செவ்வந்திப் பூ வைப்பார்களாம். தாமும் காலையிலேயே போய் வந்துவிட்டதாகச் சொன்னார். "மூன்று பூ வைத்தேன்" என்றார். எண் என்றதும் என் காது நிமிர்ந்தது. ஒன்று தம் மனைவிக்கு. ஒன்று தம் அம்மாவுக்கு. மூன்றாவது, "உங்கள் கணவருக்கு."

ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது. செயலி அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தது.

என் மனைவியின் கை முறுக்கு அச்சின்மேல் அப்படியே நின்றது. எண்ணெய் காய்ந்து புகைந்தது. அவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடியும் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்தது ஒரே சொல்.

"கிராசியாஸ்."

நன்றி! கல்லறைப் பூவுக்கு நன்றி! அந்தப் பக்கம் அவர் ஏதோ இரக்கமாகச் சொல்லிவிட்டு, மகன் அழைப்பதாகக் கூறித் தொடர்பைத் துண்டித்தார். நான் இன்னும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

"செத்துப் போயிட்டேன்னு சொல்றான். நீ நன்றி சொல்றே?"

"பூ வெச்சேன்னு சொல்றாரு. பூ வெச்சவங்களுக்கு நன்றி சொல்லாம வேற என்ன சொல்றது? வாயில அதான் வந்துச்சு."

"நான் செத்தேன்னு அவனுக்கு யார் சொன்னது?"

"நான் சொல்லல. சாமி சத்தியமாச் சொல்லல." அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். யோசித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகம் மாறியது. "மொதல் வாரத்துல குடும்பத்தைப் பத்திக் கேட்டாரு. மகள் பேரு சொன்னேன். உங்க வீட்டுக்காரரு பேரு என்னன்னாரு. நான் எப்படிச் சொல்றது? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். என்னால சொல்ல முடியாதுன்னேன். உடனே 'மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க'ன்னாரு. பேரு கேட்டதுக்குத்தான் மன்னிப்புக் கேக்குறாரு, நல்ல மனுசன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

"நீயும் சொல்லல."

"கேக்கல, சொல்லல."

அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது. ஆறு மாதமாக வெங்காயம், காந்தல், கொக்கு எல்லாம் அங்கே போயிருக்கின்றன. நான் போகவில்லை. குடை பிடித்த கையாகப் போயிருக்கிறேன், அதுவும் சம்பளத்துக்கு வந்த கையாக. அவர் இத்தனை மாதம் விதவை ஒருத்தியோடு அல்லவா பேசிக்கொண்டிருந்திருக்கிறார்?

"நாளைக்கே கூப்பிட்டு என் பேரைச் சொல்லு. இந்தப் பேருள்ள ஆள் உசுரோட இருக்கிறார்னு சொல்லு."

"உசுரோட இருக்கிறீங்கன்னு சொல்றேன். பேரைச் சொல்ல மாட்டேன். உங்க ஆயுசு கொறையும்."

"அதான் கொறைஞ்சு செத்தே போயிட்டேனே! இன்னும் கொறைய என்ன மிச்சம் இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. "பேரைச் சொன்னாத்தான் ஆள் இருக்கிறதா அர்த்தம். இல்லாட்டி நான் டிரைவராவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அன்றைக்குத் தேநீர் கேட்காமலேயே வந்தது. நான் குடிக்கவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் வீட்டுக்குள் இருக்கவில்லை. பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விடப் போனேன். குழாயைத் திறந்தால் சத்தத்தில் எதுவும் கேட்காது என்பதால் திறக்காமலே ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, சமையலறைச் சன்னலுக்குக் கீழே நின்றேன்.

அவள் வணக்கம் சொன்னாள். பூவைப் பற்றி ஏதோ தொடங்கினாள். தடுமாறினாள். அவர் பொறுமையாக, "மெதுவாக, மெதுவாக" என்றார். போனை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவள் சொன்னாள். என் பெயர். அதோடு நிறுத்தவில்லை, கிளினிக் முகப்பில் எத்தனையோ முறை தள்ளிய ஐசியில் இருப்பது போலவே, என் பெயர், ஏ-எல், என் அப்பா பெயர் என்று முழுவதையும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது போல் ஒரே மூச்சில் சொன்னாள். முடித்ததும், "விவோ" என்றாள். உயிரோடு இருக்கிறார்.

அந்தப் பக்கம் ஒரு பெரிய கூச்சல், ஒரு நாற்காலி நகரும் சத்தம், அதன் பின் சிரிப்பு. அவர் என் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொல்லிப் பார்த்தார். அவள் திருத்தவில்லை. இரண்டாம் முறை அவள் வாயில் அது வராது என்று எனக்குத் தெரியும்.

"என்னங்க! தண்ணி விட்டது போதும், உள்ள வாங்க. குழாய் தெறக்கவே இல்ல, எனக்குத் தெரியும் லா."

போய்த் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வலென்சியாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நிறைய மன்னிப்புக் கேட்டார். வைத்த பூவைத் திரும்ப எடுப்பது சரியில்லை, தம் மனைவிக்கே அதையும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்; உயிரோடு இருந்தபோது அந்த அம்மா எப்போதுமே கூடுதலாகத்தான் கேட்பாராம். நான் அறுநூறு சொல் படித்தவன். முந்தைய இரவு அவருக்கென்றே நான்கு வாக்கியங்களைத் தயார் செய்திருந்தேன்; நான்கும் கடுமையானவை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது ஒன்றுதான்.

"கிராசியாஸ்."

பக்கத்தில் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அதற்குப் பிறகு நானும் ஐந்து மணிக்கு அங்கேதான் உட்காருகிறேன், தேநீரோடு. எண்களில் நான் கெட்டிக்காரன் என்று அவர் மெச்சினார். பொங்கலுக்குச் சம்பந்திகள் வந்தபோது அவள் பேசினாள், நான் அவர்கள் ஊரில் எது என்ன விலை என்று விசாரித்தேன். ஆனாலும் ஒன்று மட்டும் எனக்கு ஆறவில்லை. ஏ-எல் என்பது என் நடுப்பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாலையும் முழுப் பெயரையும் சொல்லித்தான் வணக்கம் வைக்கிறார். அதை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அவள் சொன்னது ஒரே ஒரு தடவை. அதையும் அவரிடம்தான் சொன்னாள். சன்னலுக்கு வெளியே நின்று, காய்ந்த ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்டேன்.