கூட்டம் காலியாக வேண்டும் என்று கும்பிட்டேன்

குலதெய்வத்தை நம்பிக் கும்பிடுகிற எல்லாருக்கும் வணக்கம். ஆத்தா எனக்குச் செய்ததை வெளியே சொல்கிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன். இதில் சந்தோஷம் கொஞ்சம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் வீட்டுக்காரர் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். பம்பு மோட்டாருக்கு உதிரி பாகம் செய்கிற பட்டறை. போன வருஷம் சித்திரையில் ஆர்டர் குறைய ஆரம்பித்தது. வைகாசியில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்றார்கள். ஆனியில் பட்டறைக்காரர் அவரைக் கூப்பிட்டு, நிலைமை சரியானதும் சொல்லி அனுப்புகிறேன் என்றார். யாரும் சொல்லி அனுப்பவில்லை. காலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தை என்னால் பார்க்கவே முடியாது.

அப்போதுதான் பட்டறையில் கூட வேலை செய்த ஒருவர் அவரைக் காந்திபுரத்தில் ஒரு ஓட்டலில் நடந்த கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். சர்க்கரையைக் குணமாக்கும் என்று மூலிகைப் பொடி விற்கிற கம்பெனி. பொடியை வாங்க வேண்டும், நாலு பேரைச் சேர்க்க வேண்டும், அவர்கள் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்க வேண்டும். கோட்டுப் போட்ட ஒரு சார் மேடையில் பேசினாராம். நாட்டில் தொழில் படுத்தால் மற்றவர்களுக்குத்தான் கஷ்டம், நமக்கு அதுதான் நல்ல காலம், வேலை போனவர்கள் எல்லாரும் நம்மைத் தேடி வருவார்கள் என்றாராம். இவர் வீட்டுக்கு வந்து அதையே எனக்குப் பாடம் மாதிரி ஒப்பித்தார். வேலை போனவன் விற்க வருவான் சரி, வாங்குவது யார் என்று கேட்டேன். நெகட்டிவாகப் பேசாதே என்றார். அந்த வார்த்தையும் அங்கேதான் கற்றுக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் பூக் கேட்காமல் எதையும் தொடங்க மாட்டோம். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஆத்தா கோயில். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அவள் காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இந்தத் தொழிலைத் தொடங்கலாமா என்று இவர் கேட்டார். வெள்ளை வந்தது. அதன் பிறகு நான் வாயைத் திறக்க முடியுமா?

இவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. காலையிலும் மாலையிலும் மாத்திரை. பொருளை விற்கிறவன் முதலில் தானே சாப்பிட்டுக் காட்ட வேண்டும், அவன் உடம்புதான் விளம்பரம் என்று அந்தச் சார் சொல்லிவிட்டார். இவர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியைக் கரைத்துக் குடித்தார். ஆவணியில் மேடையேறிப் பேசினார். நானும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். "மாத்திரையத் தொட்டு மாசக்கணக்காச்சுங்க, கல்லு மாதிரி இருக்கறனுங்க" என்றார். கை தட்டினார்கள். தறி ஓடாமல் சும்மா இருந்த சோமனூர்க்காரர்கள், ஷிப்டு போன மில்காரர்கள், எல்லாம் நம்மை மாதிரி ஆட்கள். பலர் அன்றைக்கே சேர்ந்தார்கள்.

கூட்டத்துக்கு ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்பது அவர்கள் சட்டம். வாழ்நாள் முழுவதும் செருப்புப் போட்ட கால் அது. சுண்டுவிரல் பக்கத்தில் கொப்புளம் கிளம்பியது. உடைந்தது. ஆறவில்லை. ஐப்பசியில் விரல் கருக்க ஆரம்பித்தது. மஞ்சளைப் பூசி, துணி சுற்றி, அதன்மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் கழற்றிப்போட்ட சாக்ஸைத் துவைக்க எடுத்தால் குமட்டும்.

அழுது பார்த்தேன். சண்டை போட்டேன். இரண்டு நாள் சமைக்காமல் கிடந்தேன். மாத்திரையைப் பொடித்து மோரில்கூடக் கலந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நா ஆஸ்பத்திரில படுத்தா, என்னப் பாத்துச் சேந்தவீங்க அத்தன பேரும் என்னாவாங்க அம்மணி? ஆத்தாளே வாக்குக் குடுத்துருக்கறா. நீ சும்மா இரு."

கார்த்திகையில் அவருக்குப் பெரிய பதவி கொடுப்பதாக இருந்தார்கள். அவர் சேர்த்த ஆட்கள் எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மண்டபத்தில் கூட்டிக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் சேலம், ஈரோடு என்று ஊர் ஊராக மேடையேறலாம். அந்தக் காலோடு.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் கோபி பஸ் ஏறினேன். இவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாமா என்று பூக் கேட்டு, வெள்ளை வந்தால் அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. பூசாரி மறுத்துவிட்டார். அவரவர் உடம்புக்கு அவரவர்தான் வந்து கேட்க வேண்டுமாம். தட்டோடு நின்றேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொழில் தொடங்கலாமா என்றுதானே இவர் கேட்டார்? மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கவே இல்லையே! கேட்காத கேள்விக்கு ஆத்தாள் எப்படிப் பதில் சொல்லியிருப்பாள்? எங்கள் ஜனத்துக்கே உள்ள புத்தி இது. ஒன்றுக்குப் பூ வந்துவிட்டால் அதோடு ஒட்டிய எல்லாவற்றுக்கும் வந்ததாக எடுத்துக்கொள்வோம்.

அதுவரைக்கும் நான், அவருக்கு நல்ல புத்தி கொடு என்றுதான் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அப்படிக் கும்பிடவில்லை. ஆத்தா, ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் வரக்கூடாது, மண்டபம் காலியாகக் கிடக்க வேண்டும், என் புருஷன் தோற்றுப்போகட்டும், உயிரை மட்டும் விட்டுவை என்றேன். எந்தப் பெண்டாட்டி இப்படிக் கும்பிடுவாள்?

ஞாயிற்றுக்கிழமை. நானும் மண்டபத்துக்குப் போனேன். நாற்காலி போட்டிருந்தது. காபி கேனில் காபி இருந்தது. சனிக்கிழமை போன் செய்தபோது அத்தனை பேரும் "வந்தர்றமுங்க" என்றிருந்தார்கள். நம் ஊரில் யார் முகத்துக்கு நேராக மாட்டேன் என்பார்கள்? இவரும் இந்த ஊரில் பிறந்தவர்தான், ஆனாலும் அத்தனையையும் நம்பிவிட்டார். போன் மேல் போன் போட்டார். ஒருவர் வீட்டுக்கு விருந்தாளி வந்துவிட்டார்கள். ஒருவருக்கு வண்டி கெட்டுவிட்டது. சிலர் எடுக்கவே இல்லை. வேலையில்லாத வீட்டில் எத்தனை மாசம்தான் பொடி வாங்குவார்கள்? கோட்டுப் போட்ட சார் நாற்காலிகளைப் பார்த்தார். வேறு கூட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

இவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். தலை நிமிரவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் பக்கத்தில் போகவும் துணிச்சல் இல்லை.

அப்போது ஒரு பெண் உள்ளே வந்தாள். சரசு, சோமனூர்க்காரி. ஆவணிக் கூட்டத்தில் புருஷனோடு வந்து சேர்ந்தவள். கூட்டம் இல்லை என்பதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. நேராக இவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏனுங்ண்ணா, நீங்க எத்தன ஸ்பூனுங்க போடறீங்க? நீங்க சொன்னதக் கேட்டு எங்கூட்டுக்காரரும் மாத்திரைய நிறுத்திப்போட்டாருங்க. ரெண்டு நாளா எந்திரிக்கறதில்லீங்க, கூப்புட்டா செரியா முழிக்கறதுமில்லீங்க. இன்னும் ஒரு ஸ்பூன் சேத்திக் குடுக்கட்டுங்களா?"

சண்டைக்கு வரவில்லை அவள். அளவு கேட்க வந்திருந்தாள்.

இவர் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸை உரித்தார். கொஞ்ச நாளாக வீட்டில் என்னிடம்கூடக் காட்டாமல் மறைத்த காலை அவள் முன்னால் நீட்டினார். சரசு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நா சொன்னது பொய்யுங்க அம்மணி. இப்பவே அவர ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. நானும் வாரேன்."

ஒரே ஆட்டோவில் சோமனூருக்குப் போய் சரசு வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவருக்குப் பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும், உயிரே போயிருக்கலாம் என்றார் டாக்டர். சரசு வீட்டுக்காரர் பிழைத்தார். ஆனால் அவருக்குக் கிட்னி கெட்டுவிட்டது. வாரா வாரம் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஆத்தாள் கைவிடவில்லை என்று நான் சொல்லலாம். அந்த வீட்டு வாசலில் நின்று சொல்ல முடியாது.

இவர் இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். தான் சேர்த்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், மாத்திரையை விட்டுவிடாதீர்கள், நான் சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டு வருகிறார். சில வீடுகளில் உட்காரச் சொல்வார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்துவார்கள். இவர் அடுத்த வீட்டுக்குப் போவார்.

நான் என்ன கும்பிட்டேன் என்பதை அவரிடம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட காலைத் தடவிக்கொண்டார்.

"இன்னும் முன்னாலயே கும்புட்டிருக்கலாமில்ல அம்மணி" என்றார்.

அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் பிடிவாதமாக நிற்கலாம். அவர் ஜெயிக்க வேண்டும் என்றே கும்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். வெளியே சொல்லக் கூசுகிற வேண்டுதலாக இருந்தாலும் ஆத்தாளிடம் கேளுங்கள். அவள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டாள். ஆனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நான் தள்ளினேன்.