ரோஜாக் குடில்காரருக்குத் தந்த சொம்புத் தண்ணீர்

ராகி விளைந்த மேட்டுக் கொல்லையில் ரோஜா வளர்க்கப் பசுமைக் குடில் போட்டதிலிருந்து, கீழே எங்கள் கிணற்றுத் தண்ணீர் பச்சையாகிப் போனது. அதைக் குடித்த கன்றுக்குட்டியும் செத்தது. குடில் மேலாளர் ஒல்லியான ஆள், மடிப்புக் கலையாத சட்டை. உரச் சாக்கைக் கவிழ்த்து உதறி, கடைசிக் குருணையையும் வீணாக்காமல் எடுப்பார்.

"எங்க உரம் உங்க கிணத்துக்கு வராதும்மா" என்பார். அவர் வாயை அடைக்கக் காத்திருந்தேன்.

என் நிலத்தையும் குத்தகைக்குக் கேட்டு, ஊர்க்காரர் நாலு பேரோடு வந்தார். வந்தவருக்குத் தண்ணீர் தரவேண்டுமே, அந்தக் கிணற்றுத் தண்ணீரையே சொம்பு நிறையக் கொடுத்தேன்.

"குடிங்க சாமி."

குடிக்காமல் என் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினார்.

"ஏன் சாமி?"

"உரத்தண்ணிம்மா, வீணாக்கக் கூடாது."

நாலு பேரும் அவரையே பார்த்தார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு ருசித்தது. வாய் தவறியதா, மனசு கேட்காமல் சொன்னாரா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.